சந்தனக் கிண்ணம்

“அந்தப் படிய மட்டும் தாண்டிடாத கிரேஸி. தப்பா எடுத்துக்காத, இன்னா?”

ரூபாவதி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். சொல்லும்போது கிரேஸியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்துச் சொன்னாள். அந்தச் சிரிஞ்சுக்குள் ரூபாவதியின் மகள் ஜெனிஃபாவின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர் ஐந்து மில்லி இருந்தது. நல்லெண்ணெய் நிறம்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நாலு விரல் உயரத்தில் ஒரு நிலைப்படி. கிரேஸி அதற்கு இந்தப் பக்கம், கிரைண்டருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே நின்றிருந்தாள்.

“நான் வந்து போட்டாத்தான் அண்ணி சரியா இருக்கும். அது ஊசி வெச்ச உருளை. அழுத்தம் ஜாஸ்தி ஆச்சுன்னா தோல் கிழிஞ்சிடும்.”

“தயாமணி அண்ணி பாத்துக்குவாங்க. சிங்கப்பூர்லேர்ந்து வந்த வீடியோவ நாலு தடவ போட்டுப் பாத்துட்டோம்.” ரூபாவதி சிரிஞ்சை வாங்கிக்கொண்டாள். “நாம சகுனம் பாக்குறவங்க இல்ல, கர்த்தரோட பிள்ளைங்க. ஆனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மனசு உறுத்தும் பாரு. அதுக்குத்தான்.”

இப்படி ஒரு படியைக் கிரேஸி பதினொரு வருஷமாகப் பார்த்து வருகிறாள். சில வீடுகளில் அது படியாக இருக்கும். சில வீடுகளில், “நீ கொஞ்சம் அடுப்பைப் பாத்துக்கோயேன்” என்று அன்பாகக் கொடுக்கப்படும் வேலையாக இருக்கும். அவள் கணவன் ஞானதாஸ் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் கழிவுத் தொட்டிக்குள், மயங்கி விழுந்த இரண்டு பேரைத் தூக்க இறங்கி, அவர்களோடு சேர்ந்து அங்கேயே கிடந்துவிட்டான். அடக்க ஆராதனையில் போதகர் அவனை வீரன் என்று சொன்னார். வீரனின் மனைவியை அதற்குப் பிறகு ஆம்பூரில் ஒரு கல்யாண வீட்டிலும் யாரும் தாம்பூலத் தட்டைத் தூக்கச் சொல்லவில்லை.

ரூபாவதியின் கணவர் ஜெபசீலன் ஷூ கம்பெனி ஒன்றில் பெர்சனெல் மேனேஜர். சபையில் கமிட்டிச் செயலாளர். மகள் ஜெனிஃபா நர்சரி பள்ளி டீச்சர், இருபத்து நாலு வயது. பதினாலு வயதில் வந்த பருக்கள் அவள் இரண்டு கன்னங்களிலும் குழி குழியாகத் தழும்பை விட்டுவிட்டுப் போயிருந்தன. பிப்ரவரியில் வேலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நெல்வினுக்கு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை. அவனுடைய அம்மா கேசரியை ருசித்துச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “பொண்ணு தங்கம். கன்னம் மட்டும் கொஞ்சம்… கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்ல?” என்று கேட்டாள். கேட்டவள் காரில் ஏறிப் போய்விட்டாள். அந்த ‘சரியாயிடும்ல’ மட்டும் போகவில்லை. மூன்று மாதமாக அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அது ஒரு ஆளைப்போல உட்கார்ந்திருந்தது.

வேலூரில் தோல் டாக்டரிடம் போகலாம் என்றால், மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊர். யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? சென்னைக்குப் போகலாம் என்றால், முகம் சிவந்து வீங்கித் திரும்பி வரும்போது எந்த ரயிலில் யார் இருப்பார்களோ! அப்போதுதான் சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் ரூபாவதியின் அக்கா மகள் ஒரு வழி சொன்னாள். அங்கே புதிதாக வந்திருக்கிறதாம். நம்முடைய ரத்தத்தையே எடுத்து, சுற்றிப் பிரித்து, அந்தத் தெளிநீரை முகத்தில் ஊசி உருளையால் ஏற்றினால் தோல் புதிதாக வருமாம். ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் உருளையையும், பென்டிரைவில் ஒரு வீடியோவையும் கொடுத்தனுப்பினாள். மிச்சத்துக்கு ரத்தம் எடுக்கத் தெரிந்த ஒரு ஆளும் மெஷினும் வேண்டும். இரண்டும் அதே சபையைச் சேர்ந்த கிரேஸியிடம் இருந்தன. பஜார் தெருவில் நசீர் அகமதுவின் பரிசோதனைக் கூடத்தில் அவள் பதினாலு வருஷமாக டெக்னீஷியன்.

“டாக்டர் இல்லாம பண்ணக் கூடாதுண்ணா,” என்று கிரேஸி இரண்டு தடவை சொன்னாள்.

“டாக்டரவிட நீதான் ஜாஸ்தி ஊசி குத்தியிருக்க,” என்று ஜெபசீலன் சிரித்தார். அப்புறம், சம்பந்தமே இல்லாததுபோல, “ஹெப்சி மார்க்கு இன்னா வந்துச்சு?” என்று கேட்டார்.

ஆயிரத்து நாற்பத்திரண்டு. கிரேஸியின் ஒரே மகள் ஹெப்சி பிளஸ் டூவில் அவ்வளவு வாங்கியிருந்தாள். மிஷன் நர்சிங் பள்ளியில் சபை மூலம் போகும் இடம் ஒன்று உண்டு. அதற்குக் கமிட்டிச் செயலாளரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஜூன் முப்பது கடைசி நாள். கடிதம் கிடைத்தால் ஹெப்சி நர்ஸ். கிடைக்காவிட்டால், ஆறரை மணிக் கம்பெனி பஸ்ஸில் ஏறி, நாளெல்லாம் ஷூவுக்குப் பசை தடவும் பெண்களில் ஒருத்தி.

“லெட்டருக்கு இன்னா, ஒரு நாள் வேலை. கல்யாண வேலை முடியட்டும்,” என்றார் ஜெபசீலன்.

அதனால்தான் அந்த மே மாதச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிரேஸி, லேபில் ஓரங்கட்டி வைத்திருந்த, ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் பழைய சென்ட்ரிஃபியூஜ் மெஷினைப் படுக்கை விரிப்பில் சுற்றி, டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். பின்சந்து வழியாக வரச் சொல்லியிருந்தார்கள். “முன்னாடி வந்தா நாலு பேரு பாப்பாங்க,” என்பது சொன்ன காரணம். காலையில் முதன்முதலாக முன்வாசலில் யார் முகம் தெரியக்கூடாது என்பது சொல்லாத காரணம். இரண்டும் அவளுக்குப் புரிந்தன.

பத்து மணிக்குக் கரண்டு போய்விடும். அந்தக் கோடையில் ஊர் முழுக்க அப்படித்தான். அதற்குள் மெஷினை இரண்டு தடவை ஓட்டியாக வேண்டும். ஜெனிஃபாவைச் சமையலறை ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தாள்.

“என் மூஞ்சிய உழுது நாத்து நடப் போறாங்கக்கா,” என்றாள் ஜெனிஃபா.

“பேசாம இரு. கையை மூடு.”

“அறுவடை எப்பன்னு கேட்டா, ஜூன் பன்னெண்டாம் தேதின்றாங்க.”

கிரேஸிக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, நரம்பைத் தேடி, தோலைத் துடைத்து, ஊசியைச் செலுத்தி இருபது மில்லி ரத்தம் எடுத்தது அவள்தான். பஞ்சை வைத்து அழுத்தியதும் அவள்தான். கல்யாணப் பெண்ணின் மேல் அன்றைக்கு முதலில் பட்டது அவள் கை. அதை அந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் எடுப்பது வேலை. வேலைக்குத் தீட்டு கிடையாது.

சிக்கல், தெளிநீரின் நிறத்தில் ஆரம்பித்தது. குழாயில் ரத்தம் அடியில் இறங்கி, மேலே மஞ்சளாகத் தெளிந்து நின்றதை ஜெபசீலனின் அக்கா தயாமணி எட்டிப் பார்த்தாள். “அட, மஞ்சத் தண்ணியாட்டமே இருக்குதே!” என்றாள். “ரூபா, இது நலங்கு மாதிரிதான். முதல் மஞ்சள் முகத்துல படுதுன்னா சும்மா தடவிட முடியுமா? சுமங்கலிங்க கையால வெக்கணும். ஒத்தப்படையா மூணு பேர். நீ, நான், உன் தங்கச்சி.”

ரூபாவதிக்கு அது உடனே பிடித்துவிட்டது. ஒரு வைத்தியம் சடங்காக மாறியதும் அவளுடைய பயம் பாதி குறைந்ததுபோல இருந்தது. பீரோவிலிருந்து வெள்ளிச் சந்தனக் கிண்ணம் வந்தது. கூடத்தில் பாய் விரிக்கப்பட்டது. ஜெனிஃபாவுக்குப் புதுப் புடவை கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். கடைசியாக, ரூபாவதி வந்து நிலைப்படியைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சிரிஞ்சை வாங்கிக்கொண்டு போனாள்.

“கிண்ணத்துல ஊத்தாதீங்க அண்ணி, அப்படியே சிரிஞ்சுலேர்ந்து…” என்று கிரேஸி ஆரம்பித்தாள். அதற்குள் அது கிண்ணத்தில் விழுந்துவிட்டது.

ஜெபசீலன் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெண்கள் மூவரும் தலையில் முக்காடிட்டு ஜெபம் செய்தார்கள். தயாமணிதான் செய்தாள், நன்றாகச் செய்வாள், சபையில் பெயர் பெற்றவள். “இந்தப் பிள்ளையின் முகத்தை உம்முடைய முகத்தின் ஒளியால் பிரகாசிக்கச் செய்யும் ஆண்டவரே” என்று அவள் உருகியபோது ரூபாவதியின் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தயாமணியின் புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், பதினாறு வருஷமாகத் திரும்பவில்லை. அங்கே வேறொரு குடும்பம் என்று கேள்வி. செத்துவிட்டான் என்று யாரும் வந்து சொல்லாததால் தாலி கழுத்தில் இருந்தது. அதனால் தம்பி வீட்டில் எந்த விசேஷத்திலும் முதல் மஞ்சள் அவள் கையால்தான். வேறு எந்தச் சொத்தும் அவளுக்கு இல்லை.

ஆமென் சொல்லி முடித்ததும் தயாமணி உருளையைக் கையில் எடுத்தாள். சின்னக் கைப்பிடி, அதன் முனையில் ஒரு விரல் அகலச் சக்கரம், சக்கரம் முழுக்க மயிர்போல மெல்லிய ஊசிகள். அதைக் கண்டதும் ஜெனிஃபாவின் தைரியம் போய்விட்டது. “அத்தை, வேணாம் அத்தை, வலிக்கும்,” என்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள்.

“அட இன்னாடி குழந்த மாதிரி! இதோ பாரு.” தயாமணி உருளையைத் தன் கன்னத்தில் வைத்தாள். காதோரத்திலிருந்து வாயோரம் வரை ஒரு தடவை உருட்டினாள். பிறகு இன்னொரு தடவை, சிரித்துக்கொண்டே. “பாத்தியா? எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. அவ்ளோதான்.”

அன்பினால் செய்த காரியம். குழந்தைக்கு மருந்து கொடுக்கும் முன் தாய் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் காட்டுவதைப்போல.

நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்ற கிரேஸி படியின் விளிம்புவரை வந்துவிட்டாள்.

போன வருஷம் கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் தயாமணியின் ரத்தத்தைப் பரிசோதித்தவள் கிரேஸி. மஞ்சள் காமாலைக் கிருமிக்கான அட்டையில் ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடு வந்தது. இன்னொரு அட்டையில் போட்டுப் பார்த்தாள். அதிலும் இரண்டு. பி வகை, ரத்தத்தின் வழியாகப் பரவும், வெளியே ஒன்றும் காட்டாமல் வருஷக்கணக்கில் ஈரலில் உட்கார்ந்திருக்கும். டாக்டர் தயாமணியிடம் தனியாகச் சொன்னார். மறுநாள் தயாமணி லேபுக்கு வந்து கிரேஸியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “என் தம்பி வீட்ல தெரிஞ்சா தனித் தட்டு வெச்சிடுவாங்கடி. உன்ன என் கூடப் பொறந்தவளா நினைச்சுக் கேக்குறேன்.” தட்டில் பரவாது, தொட்டால் பரவாது, ஊசியும் பிளேடும் மட்டும் ஜாக்கிரதை என்று கிரேஸி விளக்கிச் சொல்லி அனுப்பினாள். தயாமணிக்கு ஊசி என்றால் டாக்டர் போடுவது. இந்த உருளை அவளுக்கு ஊசியாகவே தோன்றவில்லை. அது சந்தனக் கிண்ணத்துப் பக்கத்தில் இருந்தது.

தயாமணியின் கன்னத்தில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் துளிர்த்தன. அவள் உருளையைக் கிண்ணத்தில் நனைத்து, இடது கையால் ஜெனிஃபாவின் முகவாயைப் பிடித்தாள்.

“அக்கா, வேணாம்!” என்றாள் கிரேஸி. மின்விசிறிச் சத்தத்தில் யாரும் திரும்பவில்லை.

உரக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பதினாலு வருஷமாக வாயைக் கட்டிச் செய்த வேலை போகும். அந்தக் கிழவியின் தட்டும் தனியாகப் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் ரத்தம் போகும். உள்ளே போனால் ஹெப்சியின் கடிதம் போகும். இவ்வளவையும் அவள் வரிசையாக யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்க நேரம் இல்லை. படியைத் தாண்டியபோது கால் தடுக்கியது. ஏழெட்டு அடிதான். தயாமணியின் மணிக்கட்டை அவள் பிடித்தபோது உருளை ஜெனிஃபாவின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“இன்னாடி இது!” என்று ரூபாவதி அலறினாள்.

கிரேஸி உருளையைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப நடந்து, பயன்படுத்திய ஊசிகளைப் போட அவள் கொண்டுவந்திருந்த பிளீச்சிங் தண்ணீர் டப்பாவுக்குள் அதைப் போட்டு மூடினாள்.

“ஒருத்தர் மூஞ்சில பட்டது இன்னொருத்தர் மேல படக் கூடாது அண்ணி. யாரா இருந்தாலும்.”

“சொந்த அத்தைடி! ரத்த சம்பந்தம்! இதுல இன்னா அசிங்கத்தக் கண்ட நீ?” ரூபாவதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “சிங்கப்பூர்லேர்ந்து வந்தது, ஒண்ணே ஒண்ணு. அதப் போயி தண்ணில போட்டியே பாவி! பூவும் பொட்டுமா மூணு பேரு உக்காந்திருக்கோம், நடுவுல வந்து நிக்கிறியே!”

தயாமணி கிரேஸியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கை தானாகக் கன்னத்துக்குப் போய்ப் புள்ளிகளைத் துடைத்தது, விரலைப் பார்த்தாள், விரலைப் புடவையில் மறைத்தாள். இனி யாராவது ஒருவர் ‘ஏன்’ என்று கேட்டுவிடுவார்கள். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“தாலி அறுத்தவள வீட்டுக்குள்ள விட்டதே தப்பு ரூபா. நான் அப்பவே சொன்னேன்.”

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் இரண்டும் கிரேஸியைக் கெஞ்சிக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு கிரேஸிக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

ஜெபசீலன் மடித்த பேப்பரோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார். “கிரேஸி, மெஷின எடுத்துக்கினு கிளம்பு,” என்றார். அவள் மெஷினை விரிப்பில் சுற்றிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து, “அந்த லெட்டரு… கமிட்டில வெச்சுத்தான் பேசணும். நான் ஒருத்தனா முடிவு பண்ண முடியாது,” என்றார்.

அப்போது மணி பத்து. கரண்டு போனது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. ரூபாவதியின் விசும்பல் தெளிவாகக் கேட்டது.

ஜெனிஃபா எழுந்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

“அத்தைக்கு இன்னாக்கா?” என்று தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டாள்.

“ஒண்ணும் இல்ல. யாரா இருந்தாலும் அப்படித்தான்.” கிரேஸி கயிற்றை இறுக்கினாள். “மஞ்சக் காமாலைக்கு ஒரு தடுப்பூசி இருக்குது. மூணு டோஸு. கல்யாணத்துக்கு முன்னாடி ஒண்ணாவது போட்டுக்க. எல்லாரும் போட்டுக்குறதுதான்.”

ஜெனிஃபா குழாயை மூடினாள். “சரிக்கா,” என்றாள். பிறகு தன் குழி விழுந்த கன்னத்தைத் தடவிக்கொண்டு, “உழவு நின்னுபோச்சு,” என்றாள். சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

லேபில் நசீர் பாய் முதலில் மெஷினைத்தான் பார்த்தார். “அடிபடலியே?” அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நடந்ததைக் கேட்டு வாங்கினார். “நீ காரணத்தச் சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“ரிப்போர்ட்ட நோயாளிகிட்டயும் டாக்டர்கிட்டயும் தவிர யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு மொத நாளே சொன்னது யாரு பாய்?”

அவர் தாடியைச் சொறிந்தார். “பேஜார் புடிச்ச வேலைம்மா இது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி கல்யாணம் நடந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தபோது கிரேஸி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. முகத்துக்குச் சாந்து பூசினதுபோல மேக்கப் போட்டார்கள் என்றும், மாப்பிள்ளையின் அம்மா மணமேடையிலேயே கைக்குட்டையால் பெண்ணின் கன்னத்தை ஒற்றிப் பார்த்தாள் என்றும், ஜெனிஃபா அந்தக் கையை மெதுவாக விலக்கி, “அப்படியேதான் இருக்குது அத்தை, சரியாகல” என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள் என்றும் ஊரில் பேச்சு. ரூபாவதி எல்லாரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: அன்றைக்கு அந்தக் கை மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் என் பெண்ணின் முகம் கண்ணாடியாகியிருக்கும்.

ஹெப்சி கம்பெனி விண்ணப்பத்தை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தாள். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கிரேஸிக்குத் தோன்றியது.

ஜூன் இருபத்தாறு, காலை ஆறரை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருபவர்கள்கூட இன்னும் வரவில்லை. ஷட்டரைத் தூக்கியதும் படியில் தயாமணி நின்றிருந்தாள். கன்னத்தின் மேல் புடவைத் தலைப்பு.

“மொத ஆளா வந்துட்டேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாக்கணும்னு டாக்டர் சொன்னாரே.”

“உக்காருங்க அக்கா.”

தயாமணி உட்காரும் முன்னால் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கல்யாணப் பத்திரிகையின் கவர். உள்ளே ஜெபசீலனின் கையெழுத்தும் சபையின் முத்திரையும் போட்ட கடிதம். “என் தம்பிகிட்ட ரெண்டு நாள் சோறு திங்காம அழுது வாங்கினேன். நீ வாயத் தொறக்கல. அந்த நன்றிக்கு.”

கிரேஸி கடிதத்தைப் படித்தாள். ‘மேற்படி மாணவி விதவைத் தாயின் ஒரே மகள்; உதவி பெற எல்லாத் தகுதியும் உடையவர்.’ அந்த வீட்டில் ‘விதவை’ என்ற சொல்லுக்கு ஒரு தகுதி கிடைத்தது இந்தக் காகிதத்தில்தான்.

“இது எம் பொண்ணு படிச்சு வாங்கினது. வெச்சிக்கிறேன்,” என்றாள். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். “வாய மூடுனது என் வேலை. அதுக்குக் கூலி வேணாம். ஆனா நீங்க வாயத் தொறக்கணும் அக்கா. அண்ணன் ஷேவிங் பிளேடு, நகவெட்டி, எல்லாம் ஒரே வீடு. எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கணும். நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும்.”

தயாமணியின் முகம் சுருங்கியது. “சொன்னா ஒரு ஓரமா உக்கார வெச்சிடுவாங்கடி. ஒரு நல்ல காரியத்துல கிட்ட சேக்க மாட்டாங்க.”

கிரேஸி கையுறையை மாட்டிக்கொண்டு ரப்பர் பட்டையைக் கட்டினாள். “உக்காரலாம் அக்கா. நான் பதினொரு வருஷமா உக்காந்துதான் இருக்கேன். உசுரு ஒண்ணும் போயிடல.”

தெருவில் முதல் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டு பெண்கள்.

தயாமணி பஸ் போவதைப் பார்த்தாள். பிறகு, “வலிக்காம எடுடி. உன் கை ராசியான கை,” என்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோலச் சட்டென்று நிறுத்தினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. “ரூபாகிட்ட தனியா சொல்ல எனக்கு தைரியம் இல்ல கிரேஸி. நீ கூட வர்றியா?”

கிரேஸி குனிந்து நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். வயதான கை, நரம்பு வழுக்கி வழுக்கிப் போனது. பொறுமையாகத் தடவிக் கண்டுபிடித்தாள்.

“வர்றேன்,” என்றாள். “ஆனா முன்வாசல் வழியா வருவேன். கூடத்துல உக்காந்து பேசுவேன்.”

தயாமணி கன்னத்திலிருந்து தலைப்பை விலக்கினாள்.

“கைய மூடுங்க.”

தயாமணி மூடினாள். ஊசி போனது அவளுக்குத் தெரியவே இல்லை.